பிட் சர்டிபிகேட்

பொய் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கோடை விடுமுறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஆறேழு மாதமாக என் உடம்புக்கு என்ன என்று கேட்டவர்களிடம் பித்தம் என்று சொன்னேன், ரத்த சோகை என்று சொன்னேன், கண் பவர் கூடிவிட்டது என்றும் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாளிடம் முதலில் சொன்னது எது என்று மறந்துபோய் பித்தம், சோகை இரண்டையும் சொல்லி மாட்டிக்கொண்டேன். நல்ல மனுஷி. ஒரு வாரம் இஞ்சிச் சாறு அனுப்பினார், அடுத்த வாரம் முருங்கைக்கீரை அனுப்பினார். இரண்டையும் சாப்பிட்டேன். ஆனால் எனக்கு இருப்பது பித்தமும் இல்லை, சோகையும் இல்லை. வலிப்பு. தலையில் அடிபட்டு, ஐந்து மாதம் கழித்து வந்த வலிப்பு. பொய் சொன்னால் பிள்ளைகளை பெஞ்சுமேல் நிற்க வைக்கிற டீச்சர் நான்.

எங்கள் வீடு காவாந்தண்டலத்தில். பள்ளிக்கூடம் பஸ்ஸில் பத்து நிமிஷம் போகிற ஒரு சின்ன ஊரில். இரண்டே டீச்சர்கள். ஹெட்மாஸ்டர் நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் பார்ப்பார். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் என் தலையில். அந்தத் தலையைத்தான் போன வருஷம் ஏப்ரல் கடைசியில் உடைத்துக்கொண்டேன். பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது. ஒரு நாள்கூட லீவு போடாமல் தலையை உடைத்துக்கொண்ட டீச்சர் இந்த ஒன்றியத்திலேயே நான் ஒருத்திதான் என்று ஹெட்மாஸ்டர் பிறகு கேலி செய்தார்.

ராஜகுளத்தில் ஒரு கல்யாணம். என் வீட்டுக்காரர் தயாளனின் மொபெட்டில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போனேன். பட்டுப்புடவை. மடியில் மணமக்களுக்கு வாங்கின எவர்சில்வர் அண்டா. எங்கள் பக்கத்தில் உளுந்து பிடுங்கினால் செடியோடு கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போக காய் வெடித்து உளுந்து உதிரும். ஆள் வைத்து அடிக்க வேண்டாம். ஆனால் மொபெட் அதன்மேல் ஏறினால் சோப்பை மிதித்த மாதிரிதான். அன்றைக்கு ரோட்டில் கிடந்தது எங்கள் உளுந்து. முந்தின நாள் அவரே பரப்பியது.

அண்டா உருண்டு போகிற சத்தம் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியின் சீலிங் ஃபேன்தான் நினைவிருக்கிறது. வாந்தி நிற்காததால் அன்றைக்கே சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். ஸ்கேன் என்றால், தலையை வெங்காயம் அரிகிற மாதிரி வட்டம் வட்டமாகப் படம் பிடிப்பது. வலிக்காது, ஒரு பெரிய வளையத்துக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வலது காதுக்கு மேலே மண்டை எலும்பில் கீறல். அதற்குள்ளே மூளை ஓர் இடத்தில் கன்றிப்போய் கொஞ்சம் ரத்தம் கசிந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், தானாகக் கரையும், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள்.

பார்த்துக்கொண்டே இருந்தது என் மாமியார். கன்னியம்மா என்று பெயர். நான் அத்தை என்று கூப்பிடுவேன். எழுதப் படிக்கத் தெரியாது. ஒன்பது நாள் என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக்கொண்டு இருந்தார். ரத்தம் காய்ந்து கட்டி கட்டியாகிப் போன என் கூந்தலை ஈரத் துணியால் ஒவ்வொரு இழையாகத் துடைத்து எடுத்தார். முழுதாக வழித்துவிடலாம் என்று நர்ஸ் சொன்னதற்கு, “வாணாம்மா, இஸ்கூலு தொறந்தா புள்ளைங்க பயந்துக்கும்” என்று தடுத்துவிட்டார்.

ஷிப்டு மாறும்போதெல்லாம் புதிதாக வருகிற நர்ஸ் கேட்கிற கேள்வி ஒன்றுதான். “பிட்ஸ் வந்துச்சா?” அடிபட்ட மூளைக்கு முதல் சில நாட்களில் வலிப்பு வரக்கூடும் என்பதால் ஒரு வாரம் மாத்திரையும் கொடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து, நர்ஸின் வெள்ளைப் புடவை வாசலில் தெரிந்ததுமே அத்தை குரல் கொடுத்துவிடுவார். “பிட்சு வர்லமா!” வார்டே சிரிக்கும். அத்தைக்குத் தெரிந்த முதல் ஆஸ்பத்திரி வார்த்தை அதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு சின்ன டாக்டர், “பின்னாடி வலிப்பு வரலாம், வராமலும் போகலாம்” என்றார். நாங்கள் மூன்று பேரும் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். எந்தப் பாதி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. தழும்பின்மேல் முடி வளர்ந்துவிட்டது. தலைவலி உண்டு, சத்தம் ஆகாது. மற்றபடி நன்றாகத்தான் இருந்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன். ஜூலை மாதத்தில் ஒரு வாசனை வர ஆரம்பித்தது. சிலேட்டுத் துடைக்கப் பிள்ளைகள் கோவை இலையைக் கசக்குவார்களே, அந்த வாசனை. கூடவே ஏதோ அழுகின மாதிரி. முதலில் பிள்ளைகளைத்தான் திட்டினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலையும் இல்லாமல் சிலேட்டும் இல்லாமல், எங்கள் சமையல்கட்டில் அதே வாசனை வந்தது. அடிவயிற்றிலிருந்து காரணமில்லாத ஒரு பயம் மேலே ஏறும். நடப்பதெல்லாம் முன்பே ஒரு தடவை நடந்த மாதிரி தோன்றும். பிறகு ஒன்றும் இல்லை.

ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “டீச்சர், நீங்க சிலையாட்டம் நின்னுக்கினு இருந்தீங்கோ. நாங்க கூப்டோம், நீங்க பேசல” என்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தால் ‘அணில்’ என்று எழுத ஆரம்பித்தது ‘அணி’யோடு நின்று, அங்கிருந்து ஒரு கோடு கீழே இறங்கியிருந்தது. அந்தக் கோட்டை நான் போட்டது எனக்கு நினைவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கிணறு இருக்கிறது. சுவர் என் முழங்கால் உயரம்கூட இராது. மதியச் சாப்பாடு முடிந்ததும் நான்தான் தண்ணீர் இறைத்து ஊற்றுவேன். தட்டோடு பிள்ளைகள் என்னைச் சுற்றி நிற்பார்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் பெரியதாக வந்தது. எனக்குத் தெரிந்தது கோவை இலை வாசனையும், பிறகு ஆபீஸ் அறையின் தரையும். நடுவில் என்ன நடந்தது என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பு, வகுப்பு வாசலில் நின்றவள் அப்படியே விறைத்து விழுந்தேனாம். கை கால் வெட்டி வெட்டி இழுத்ததாம். நினைவு வந்தபோது நாக்கு கடிபட்டு வாய் முழுக்க ரத்தம். புடவை நனைந்திருந்தது. அந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. என் வலது கையில் பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்து முழுவதையும் திணித்து, என் விரல்களை மேலே மூடி, ஹெட்மாஸ்டர் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் பி.எட். படித்தவர். என்னைவிட அவர் அதிகம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

மறுபடி சென்னை. இந்தத் தடவை நரம்பு டாக்டரின் ஓ.பி. விடிகாலை பஸ் பிடித்துப் போய்ச் சீட்டு வாங்கி, பெஞ்சில் இடம் பிடித்து, ஒவ்வொரு ஆளாக நகர்ந்து நகர்ந்து டாக்டரின் கதவை நெருங்க வேண்டும். அந்த பெஞ்சில் நான் பார்த்த முகங்களை மறக்க முடியாது. தீக்காயத் தழும்போடு ஒரு பெண். அடுப்பின் முன்னால் வந்துவிட்டதாம். லாரி டிரைவர் ஒருவர். லைசென்ஸ் போய்விடும் என்று மூன்று வருஷம் மறைத்திருக்கிறார். எனக்குப் பயம் வந்தது அங்கேதான். இனிமேல் என் பேர் என்னவாக இருந்தாலும் ஊரில் என்னைச் சொல்லப்போவது காக்கா வலிப்புக்காரி என்றுதான் என்று உட்கார்ந்த இடத்திலேயே அழுதேன். தயாளன் என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இ.இ.ஜி. எடுத்தார்கள். தலையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது என்பதால் அத்தை முந்தின நாள் சீயக்காய் போட்டு மூன்று தடவை தேய்த்ததில் மண்டை எரிந்தது. பசை தடவித் தலை முழுக்க ஒயர்களை ஒட்டுகிறார்கள். கண்ணை மூடு, திற, வேகமாக மூச்சு விடு என்கிறார்கள். கண் முன்னால் ஒரு விளக்கு படபடவென்று மின்னுகிறது. அந்தப் பக்கம் வரிசையாகப் பேனா முள்கள் காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டே போகின்றன. மூளை செல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது உண்டாகிற துளி மின்சாரத்தின் கையெழுத்து அது. நான் கையெழுத்துத் திருத்திப் பழகினவள். வலது பக்கத்துக் கோடுகளில் ஓர் இடத்தில் மட்டும் கூர் கூராக நின்றிருந்ததை டாக்டர் சொல்வதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

டாக்டரம்மா தெற்கத்திக்காரர். அவசரப்படாதவர். “நீங்க டீச்சர்தானே, உங்களுக்கு விளக்கமாவே சொல்றேன்” என்று பேனாவை மூடி வைத்தார்.

“ஒவ்வொரு நரம்பு செல்லும் எப்பவும் ரெண்டு குரலைக் கேட்டுக்கிட்டே இருக்கும். ஒண்ணு ‘பேசு’ங்கும். இன்னொண்ணு ‘சும்மா இரு’ங்கும். ரெண்டும் சரிக்குச் சரியா இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை. அடிபட்ட இடத்துல ‘சும்மா இரு’ன்னு சொல்ற செல்லுங்க நிறைய செத்துப்போகுது. மிச்சம் இருக்கிற செல்லுங்க லேசா தொட்டாலே துள்ளுற நிலைமைக்கு வந்துடுது.”

“அடிபட்டு அஞ்சு மாசம் ஆச்சே டாக்டர்? அப்பவே ஏன் வரலை?”

“புண்ணு ஆறுறப்போதான் இந்த வேலையெல்லாம் நடக்குது. அறுந்துபோன நரம்பு இழை புதுசா முளைக்கும். ஆனா சரியான இடத்தைத் தேடிப் போகாம பக்கத்துல இருக்கிறதையே போய்ப் பிடிச்சுக்கும். தழும்பு ஆன இடத்துல செல்லைச் சுத்தி சேருற உப்பைக் கூட்டித் தள்ள ஆள் இருக்காது. எல்லாம் சேர்ந்து பக்குவமாக மாசக்கணக்கு ஆகும். சில பேருக்கு வருஷக்கணக்கு.”

நான் இதை என் வகுப்பாக மாற்றித்தான் புரிந்துகொண்டேன். நாற்பது பிள்ளைகள். லீடர்கள் இருக்கிற வரை ஒருவன் கத்தினாலும் அடங்கிவிடுவான். லீடர்கள் எல்லாம் ஒரே நாளில் வராமல் போனார்கள். கூட்டுகிறவளும் வரவில்லை. பிள்ளைகள் இடம் மாறித் தோளில் கை போட்டு நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டார்கள். இப்போது ஒருவன் தொடங்கினால் போதும். வலிப்பு என்றால் கண்டபடி இரைச்சல் என்று நினைத்திருந்தேன்; அப்படி இல்லையாம். எல்லா செல்லும் ஒரே நேரத்தில் ஒன்றையே சொல்வதாம். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. நாற்பது பேரும் சேர்ந்து ஈரெண்டு நாலு என்று முழங்கும்போது அந்த அறையில் வேறு எந்த வேலையும் நடக்காது. அந்த ஒரு வகுப்போடு நின்றால் கோவை இலை வாசனையும் ‘அணி’யும். பக்கத்து வகுப்புகளும் சேர்ந்துகொண்டு பள்ளிக்கூடமே முழங்கினால் ஆள் கீழே.

டாக்டரம்மா என் உள்ளங்கையைப் பார்த்தார். சாவி அழுந்தின காயம் இன்னும் ஆறவில்லை. “இது என்ன, இரும்பா?” என்றார். தயாளன் தலையாட்டினார்.

“உள்ளே கசிஞ்ச ரத்தத்துலயும் இரும்பு இருக்கு சார். ரத்தம் கரைஞ்சாலும் அது அங்கேயே தங்கி செல்லைச் சீண்டும். அவங்களுக்கு வலிப்பு வர அதுவும் ஒரு காரணம். நீங்க வெளியில இருந்து வேற குடுக்கிறீங்க.” கையில் எதையும் கொடுக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்றார். தயாளன் எல்லாவற்றையும் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அந்த டிக்கெட் இன்னமும் அவர் பர்ஸில் இருக்கிறது.

மாத்திரை தழும்பை ஆற்றாது. செல்லின் சுவரில் உப்பு போய்வருகிற சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றனவாம். ஒரு தடவை திறந்து மூடின கதவு சட்டென்று மறுபடி திறக்காதபடி அது பிடித்து வைக்கும். என்னையும் சேர்த்துப் பிடித்து வைத்தது. நடந்தால் தரை ஆடியது. ஈறு வீங்கியது. மெடிக்கல் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

வீட்டில் சட்டம் அத்தையுடையது. “பிட்சுன்னு வெளிய மூச்சு வுடக் கூடாது. நமக்கும் பொட்டப் புள்ள கீது” என்று சொல்லிவிட்டார். என் மகள் கவிதாவுக்கு அப்போது ஒன்பது வயது. பித்தம், சோகை எல்லாம் அப்போது ஆரம்பித்ததுதான். அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு முன்னால் டாக்டரம்மா நாங்கள் எதிர்பார்த்திருந்த காகிதத்தைக் கொடுத்தார். அக்டோபருக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை, வேலைக்குப் போகலாம், ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்காவது விஷயமும் செய்ய வேண்டியதும் தெரிந்திருக்க வேண்டும் என்றார். மெடிக்கல் லீவு முடிந்து வேலையில் சேர வேண்டுமானால், ஆள் தேறிவிட்டார் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழை ஒன்றிய ஆபீசில் கொடுக்க வேண்டும். ஆபீஸ் பாஷையில் அதற்குப் பிட் சர்டிபிகேட் என்று பெயர். தயாளன் வீட்டுக்குள் நுழையும்போதே சந்தோஷத்தில் கத்தினார்.

“யம்மா, பிட் சர்டிபிகேட் வாங்கியாச்சு! நாளைக்கு ஆபீசுல குடுத்துட்டா முடிஞ்சுது.”

காகிதத்தில் குத்தியிருந்த முத்திரையை அத்தை உற்றுப் பார்த்தார். காகிதத்தை ரேடியோ பெட்டிமேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம்.

மறுநாள் காலை காகிதம் இல்லை. ரேடியோவுக்குப் பின்னால் தேடினோம், பாய்க்குக் கீழே தேடினோம், கவிதாவின் புத்தகப் பையைக் கவிழ்த்துக் கொட்டினோம். குளித்து சலவைப் புடவை கட்டி நான் நிற்கிறேன். வெந்நீர் அடுப்பின் முன்னால் குந்தியிருந்த அத்தை திரும்பாமலே சொன்னார்.

“அத்த நாந்தான் அடுப்புல போட்டேன்.”

“இன்னாத்துக்கும்மா?” என்றார் தயாளன்.

“இன்னாத்துக்கா? இவளுக்கு பிட்சு கீதுன்னு எய்தி, சீலு வேற குத்திக் குடுத்துகிறாங்கோ. அத்த எட்த்துக்கினு போயி ஆபீசுல குடுக்கப் போறீங்கோ. அதுக்கு ஒரு ஆளு வெச்சி தமுக்கு அடிச்சிட்டுப் போலாமே. நாளைக்கு கவிதாவுக்கு மாப்ள பாக்க வாணாவா?”

“யம்மா, பிட்டுன்னா நல்லா கீறான்னு அர்த்தம்மா. பிட்சு வேற, பிட்டு வேற.”

“அதெப்படிடா? ஒரு எய்த்து கூடினா சீக்கு, ஒரு எய்த்து கொறஞ்சா சொகமா?”

ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற எனக்கே அதற்குப் பதில் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, சிரிக்கத் தொடங்கினது அழுகையில் போய் முடிந்தது. அத்தைக்கு விஷயம் புரிந்தபோது, சாம்பலைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். ஏதாவது மிச்சம் இருக்குமா என்று.

டாக்டரம்மாவை மறுபடி பார்க்க இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரத்தில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மாத்திரை மூன்று போட வேண்டியதில் ஒன்றைக் குறைத்துவிட்டேன். தரை ஆடாமல் நடக்க வேண்டும், டாக்டரின் முன்னால் தெளிவாகப் போய் நிற்க வேண்டும் என்று ஆசை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, வீட்டுப் பின்பக்கம் பைப்பில் குடம் வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். கோவை இலை வாசனை வந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தபோது குடம் நிரம்பி வழிந்து என் புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. சுற்றிலும் பார்த்தேன். அத்தை முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. நல்லவேளை, பார்க்கவில்லை என்று நினைத்தேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இந்தத் தடவை அத்தையும் கூட வருவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பினார். எரித்தது நான், மன்னிப்புக் கேட்க வேண்டியதும் நான் என்றார். டாக்டரம்மா காகிதம் எரிந்த கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். புதுக் காகிதத்தை எடுத்து என் பெயரை எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே கேட்டார்.

“நடுவுல ஏதாவது வந்துச்சா?”

“இல்ல டாக்டர்.”

“வந்துச்சுமா.”

பின்னால் ஸ்டூலில் இருந்த அத்தைதான். பேனா நின்றது.

“நா பாத்தன். பைப்பாண்ட. கொடம் ரொம்பி வயிஞ்சிக்கினே கீது, இவ சொம்மா நின்னுக்கினு கீறா. வாய் மட்டும் எதையோ மென்னுக்கினு கீது. நா கூப்டுக் கூப்டுப் பாத்தன். காதுல வுழல.”

ஆஸ்பத்திரி வார்டில் “பிட்சு வர்லமா” என்று முந்திக்கொண்டு கூவின அதே குரல். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை எழுத வார்த்தை இல்லை. டாக்டரம்மா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன், வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி. அவர் பாதி எழுதின காகிதத்தை நான்காக மடித்துக் கூடையில் போட்டார். மாத்திரை மாற்றினார். இன்னும் மூன்று மாதம், ஒன்றுகூட வராமல் இருந்தால் அப்புறம் பார்க்கலாம். சம்பளமில்லாத லீவு.

பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று முன் சீட்டில் போய் உட்கார்ந்தேன். செங்கல்பட்டு தாண்டினதும் பொறுக்க முடியாமல் திரும்பிக் கேட்டேன். “வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சொன்னதே நீங்கதானே அத்தை? என் வேலைக்கு உலை வெச்சிட்டீங்களே?”

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “உங்க இஸ்கூலாண்ட கெணறு கீது. நா பாத்துகீறன், சொவுரு இத்தினிதான். நம்ப மானம் போனா போவுது. ஊரான் வூட்டுப் புள்ள போனா, நீ அப்பறம் உசுரோட இருப்பியா?”

நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவர் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே தெரிந்தது. தெரிந்ததால் ஆத்திரம் இன்னும் கூடத்தான் கூடியது. பல நாள் அவரோடு பேசவில்லை. அவர் வேளாவேளைக்கு மாத்திரையையும் சொம்புத் தண்ணீரையும் என் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் விழுங்குகிற வரை கதவோரம் நின்றுவிட்டுப் போவார். அத்தைக்கு மணி பார்க்கத் தெரியாது. எட்டு மணிப் பஸ் ஹாரன்தான் கணக்கு. பஸ் வராத அன்றைக்கு எதிர்வீட்டுக்குப் போய் மணி கேட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் நான் மறுபடி பேசினேன்.

மார்ச் கடைசியில் உளுந்து பிடுங்கினோம். தயாளன் ஒரு செடிகூட ரோட்டுக்குக் கொண்டுபோகவில்லை. களத்தில் போட்டுத் தடியால் தனியாக அடித்துக்கொண்டிருந்தார். மோர் எடுத்துக்கொண்டு போனேன். சொம்பை வாங்கினவர் குடிக்காமல் நின்றார்.

“நா பரப்புனதுதான் வசந்தா” என்றார். பதினோரு மாதம் கழித்து.

“தெரியும். அண்டா நெளிஞ்சதுக்கும் சேர்த்து அடிங்க” என்றேன். அவர் சிரிக்கவில்லை. சொம்போடு நின்று அழுதார். நான் அவர் கையிலிருந்து தடியை வாங்கிக் கீழே வைத்தேன்.

ஏப்ரல் பாதியில் டாக்டரம்மா மூன்றாவது காகிதத்தைக் கொடுத்தார். ஒன்றும் வந்திருக்கவில்லை, இந்தத் தடவை அத்தையிடமும் கேட்டுத்தான் எழுதினார். ஹெட்மாஸ்டரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாவிக்கொத்தைக் கிட்டே கொண்டுவர மாட்டேன் என்றார். தண்ணீர் இறைக்கிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். கிணற்றுக்குக் கம்பி வலை போடச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம்.

ஒன்றிய ஆபீஸ் உத்திரமேரூரில். காகிதத்தை நாங்கள் யாரும் தொடவே அத்தை விடவில்லை. மடித்துத் தன் சுருக்குப்பையில் போட்டு, பையை இடுப்பில் செருகி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். கிளார்க் மேஜையின் முன்னால் அவரே பையைப் பிரித்து, காகிதத்தை எடுத்து, மேஜைமேல் வைத்து, உள்ளங்கையால் மடிப்பை நீவிவிட்டார். கிளார்க் அதைப் படித்தார். பிறகு என் பழைய லீவு பைலைப் புரட்டினார். அக்டோபரில் லீவுக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்திலேயே வியாதியின் பெயர் இங்கிலீஷில் முழுதாக இருந்தது. நாங்கள் ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருந்த ஆறு மாதமும் அது இந்த ஆபீஸ் அலமாரியில்தான் இருந்திருக்கிறது.

அவர் தயங்கி, குரலைத் தாழ்த்தி, “இவங்களுக்கு இன்னாம்மா ஒடம்புக்கு?” என்று அத்தையைக் கேட்டார்.

அறையில் ஐந்தாறு டீச்சர்கள் இருந்தார்கள். ஒருவர் எங்கள் ஊர்.

அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வார்டில் நர்ஸைப் பார்த்துக் கூவின அதே குரலில் சொன்னார்.

“பிட்சு கீது சார். ஆனா பிட்டா கீறா.”